நம்ம பள்ளிக்கூடம் பஸ்ஸில் வரும்

இல்லை, எனக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை. குழுவில்தான் பார்த்தேன்.

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு. வெள்ளிக்கிழமை, சத்துணவு நேரம். பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டை கிடைக்காதவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தபடியே போனைத் திறந்தேன். ஜெசிந்தா டீச்சரின் படம் இருந்தது. அடையாள அட்டைக்காக எடுத்தது. யாரோ அதைப் பெரிதாக்கி இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஒட்டியிருந்தார்கள். அதிகாலையில் மாரடைப்பு. அடக்கம் நாளை மாலை, சொந்த ஊரில். கீழே கும்பிடும் கைகள், வரிசை வரிசையாக. அவற்றுக்கும் கீழே இன்னொரு செய்தி: இன்று சாப்பிட்டவர் எண்ணிக்கையை அனுப்பாத பள்ளிகள் உடனே அனுப்பவும்.

அனுப்பினேன்.

அதன் பிறகு மதிய வகுப்பு எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை. பிள்ளைகள் எழுதினார்கள், நான் திருத்தினேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடற்கரையில் அவரோடு வளர்ந்தவர்கள் நீங்கள், மலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நீங்கள். என்னைவிட அதிகம் சொல்ல உங்களுக்கு இருக்கும். எனக்குத் தெரிந்தது சில வருடங்கள் மட்டும். அதிலும் பெரும்பகுதி ஒரு பஸ்.

*

அவர் வாந்தி எடுப்பார். நான் இதிலிருந்து தொடங்குவதை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

மலை எஸ்டேட்டின் தொடக்கப்பள்ளியில் அவர் தலைமையாசிரியை. நான் இன்னொரு ஆசிரியை. அவ்வளவுதான் பள்ளிக்கூடம். இருவரும் அடிவாரத்தில் குடியிருந்தோம். காலை பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மேலே போய் இறங்குவோம். மூன்றாவது வளைவில் டிரைவர் தானாகவே பஸ்ஸை ஓரங்கட்டுவார். ஜெசிந்தா டீச்சர் இறங்கிப்போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்து உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொள்வார். பஸ்ஸில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். தினமும் நடப்பது.

முதல் வாரத்தில் நான் கேட்டேன், கடற்கரை ஊர்க்காரர், அப்பா தோணியில் போனவர், உங்களுக்கு எப்படி இது என்று.

"தோணியில எனக்கு ஒண்ணும் செய்யாது பிள்ள. கடல் ஆடுனா ஒரு நேர்மையா ஆடும். இந்த பஸ்ஸு எப்ப எந்தப் பக்கம் இழுக்கும்னு அதுக்கே தெரியாது."

அன்றைக்கே அவர் என்னையும் ஒரு கேள்வி கேட்டார். "எம்.ஏ.ல என்ன படிச்ச?"

"நவீன கவிதை டீச்சர்."

"ம்." எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் போட்டார். "சரி. அப்ப ஒண்ணாங்கிளாஸும் ரெண்டாங்கிளாஸும் நீ எடு. அதுவளும் பாதி வரியிலதான் நிறுத்தும்."

*

பஸ் கடைசி வளைவுக்கு வரும்போது ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பிள்ளைகள் தொழிலாளர் லயின் வீடுகளிலிருந்து வெளியே வருவார்கள். நாங்கள் இறங்குவதற்குள் நிறுத்தத்தில் நிற்பார்கள். டீச்சர் குடையையும் பையையும் வைத்துக்கொண்டு பின்வாசலில் இறங்குவார். ஒருவர் குடையை வாங்கிக்கொள்வார், இன்னொருவர் பையை. யாரோ தண்ணீர் கொண்டுவந்திருப்பார்கள். அவர் முகத்தைக் கழுவிக்கொள்வார். பிறகு எல்லோரும் சேர்ந்து நடப்போம், தேயிலைக்கு நடுவே. பூட்டைத் திறப்போம். பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை. மணி ஒன்று இருந்தது.

பை எப்போதும் சுகந்தியிடம் போகும். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. தோளில் போடமாட்டாள். இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடப்பாள்.

பஸ் வராத நாள்கள் உண்டு. மழை, பாறைச் சரிவு, ஆனை. அப்படி ஒரு நாளில் அடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். கண்டக்டர் வந்து, வழியில் ஆனை நிற்கிறது, இன்றைக்கு வண்டி இல்லை என்றார். ஜீப் ஒன்று பாதி வழி போகும், அங்கிருந்து நடக்கலாம் என்றார்.

"நான் என்ன ஆனையாவே, மலை ஏற?" என்றார் டீச்சர். குடையை விரித்தார். வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பஸ் போனது. நிறுத்தத்தில் பிள்ளைகள் நின்றார்கள். டீச்சர் முகம் கழுவவில்லை, முதலில் அவர்களிடம் பேசினார். "நேத்து நான் வரல்ல. பஸ்ஸு வரல்லன்னு சொல்லி ஒங்கள ஏமாத்தமாட்டேன். நடந்து வந்திருக்கலாம். ஆனைக்குப் பயந்து வரல்ல. சரியா?"

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஆனைக்குப் பயப்படுவது அவர்களுக்கு நியாயமாகவே பட்டது.

லீவு எடுக்க நான் தயங்கியபோது ஒருமுறை அவர் சொன்னது: "லீவு எடுக்கதுல ஒரு வெக்கமும் இல்ல. வந்துட்டு வராத மாதிரி உக்காந்திருக்கோம் பாரு, அதுக்குத்தான் வெக்கப்படணும்." இன்னொன்று: "பிள்ளையகிட்ட நல்லா இருக்கியான்னு கேக்காத. என்ன தின்னன்னு கேளு. அதுல எல்லாம் வந்துரும்."

*

பிறகு எஸ்டேட் வேலை நின்றது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு ஆசிரியர்கள் எதற்கு? டீச்சருக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் மாறுதல் கிடைத்தது. சொந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்த இடம். என்னை ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

எங்கள் மலைப் பிள்ளைகளில் ஆறு பேர் அதே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வாழைத்தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் அவர்களுக்கு வாடகைக்கு இடம் கிடைத்தது. பெற்றோருக்குத் தோட்ட வேலை. சுகந்தி இப்போது ஐந்தாம் வகுப்பு. மற்ற ஐந்து பேரும் சிறியவர்கள். அவள்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

கூட்டிக்கொண்டு வந்து, பள்ளிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினாள்.

மணி அடித்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் ஓடினார்கள். ஆறு பேரும் சாலையின் அந்தப் பக்கம் நின்றார்கள். நான் கேட்டுக்கு வந்து கூப்பிட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வரவில்லை. சாலையைக் கடந்து போனேன்.

"உள்ள வாங்க. மணி அடிச்சாச்சு."

சுகந்தி சொன்னாள், "அது அவங்க பள்ளிக்கூடம் டீச்சர். நம்ம பள்ளிக்கூடம் பஸ்ஸுல வரும்."

"நான் வந்துட்டேனே."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க நடந்துல்லா வந்திருக்கீங்க."

திருச்செந்தூர் பஸ் வந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் ஜன்னல்களில் தெரிந்தன. நின்றது. டீச்சர் இறங்கவில்லை. போனது. பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மலையில் அதுதான் வழக்கம்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அது பிடிவாதம் இல்லை. யாரும் அழவில்லை, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சரியான இடத்தில் சரியான விதமாகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு பதிவேடு இருந்தது. "இப்படியே போச்சுன்னா பேர எடுத்துருவேன் டீச்சர். தோட்டத்துல ஆள் தேவை. ஒருக்கா வேலைக்குப் போயிட்டுன்னா பெறவு அந்தப் பிள்ளைய பிடிக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

அன்று மாலை ஜெசிந்தா டீச்சருக்குப் போன் செய்தேன். முதலில் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"டீச்சர்?"

"அதுவ மேல தப்பு இல்ல பிள்ள. நான் பழக்குனது. பஸ்ஸு வந்தா பள்ளிக்கூடம், பஸ்ஸு வரல்லன்னா இல்லன்னு நான்தான பழக்குனேன்." மூச்சு விடும் சத்தம். "திங்கக்கிழமை வாரேன்."

*

வந்தார். மொட்டைத் தலைகளுக்கு நடுவே, பின்வாசலில், குடையும் பையுமாக. முகம் வெளிறியிருந்தது. சமவெளிச் சாலையிலும் அவருக்கு அந்த பஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளில் ஒருவன் குடையை வாங்கிக்கொண்டான். சுகந்தி பையை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஏழு பேரும் சாலையைக் கடந்தார்கள், கேட்டுக்குள் நுழைந்தார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

தலைமையாசிரியர் வெளியே வந்தார். "என்ன டீச்சர், இது உங்க பள்ளிக்கூடம் இல்லியே."

"தெரியும் சார். நான் சும்மா பஸ்ஸு. பிள்ளையள எறக்கி விட்டுட்டுப் போயிருவேன்."

அவர் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். டீச்சர் வேண்டாம் என்றார், இன்னும் வயிறு புரட்டுகிறது என்றார். வகுப்பறை வாசல்வரை போனார். உள்ளே நுழையவில்லை. பையை சுகந்தியிடமிருந்து வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

அந்த வாரம் முழுவதும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். கடைசி நாள், கேட்டருகே என்னிடம் சொன்னார், "இனி நீ எறங்கு."

எனக்குப் புரியவில்லை. என் அறை பள்ளிக்குப் பின்தெருவில். வாசலைத் தாண்டினால் பள்ளி.

"அதுக்கென்ன? முந்தின ஸ்டாப்புக்கு நடந்து போ. அங்கன ஏறி இங்கன எறங்கு. பின்வாசல்ல எறங்கணும். குடை கையில இருக்கட்டும். பைய நீயா தூக்கிட்டு நடந்துராத. கீழ வச்சிட்டுச் சும்மா நில்லு. அதுவளா வந்து கேக்கும்."

"எலுமிச்சம்பழமும் கொண்டு வரணுமா டீச்சர்?"

"வாயப் பாரு. அது எனக்கு. ஒனக்கு எதுக்கு?"

அப்படியே செய்தேன். முதல் நாள் பிள்ளைகள் என்னைத் தாண்டி பஸ்ஸுக்குள் பார்த்தார்கள், பின்னால் இன்னொருவர் இறங்குவாரோ என்று. பஸ் போனது. நான் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். கொஞ்சம் கூசியது. எதிரே தேநீர்க்கடையில் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சுகந்தி வந்து பையை எடுத்தாள்.

கண்டக்டருக்கு இரண்டாவது வாரத்தில் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்கும் என்னிடம், "ஏன் டீச்சர், நடந்து வந்தா உள்ள விடமாட்டாவளோ?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் இன்னும் சிரித்திருப்பார்.

*

மாதங்கள் போயின. சின்னவர்கள் மாறினார்கள். ஒரு காலையில் நிறுத்தத்தில் நான்கு பேர்தான் நின்றார்கள். இரண்டு பேர் உள்ளூர்ப் பிள்ளைகளோடு முன்னாலேயே உள்ளே போய்விட்டிருந்தார்கள். பிறகு மூன்று பேர். ஒருநாள் இறங்கியபோது சுகந்தி மட்டும் நின்றாள். பையை வாங்கினாள். நடந்தோம்.

போனில் டீச்சரிடம் சந்தோஷமாகச் சொன்னேன், எல்லோரும் தானாக உள்ளே போகிறார்கள், இவள் மட்டும்தான் பாக்கி என்று.

அவர் சந்தோஷப்படவில்லை. "அவ என்னைக்காவது பஸ்ஸுக்கா நின்னா? அந்தச் சின்னதுவளப் பாத்துக்கிட நின்னா. இப்ப அதுவ தானா போவுதுன்னா, அவளுக்கு அங்கன என்ன வேல இருக்கு? அவ அம்மைக்கு மலையில வேல போன மாதிரி இவளுக்கும் போச்சு. கவனமா இரு."

அடுத்த வாரம் சுகந்தி வரவில்லை. நிறுத்தத்திலும் இல்லை, வகுப்பிலும் இல்லை. கல்யாண மாதம். இலைக்கட்டு கேட்டு லாரிகள் வந்துகொண்டிருந்தன. அம்மாவோடு இலை அறுக்கப் போகிறாள் என்று அவள் பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்.

வியாழக்கிழமை சாயங்காலம் போனில் டீச்சரிடம் சொன்னேன். உடனே பதில் சொன்னார். "சனிக்கிழமை வாரேன். அவ அம்மைட்ட நான் பேசுதேன். நீ பேசாத. நீ பேசுனா பொஸ்தகம் பேசுன மாதிரி இருக்கும்."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. சனிக்கிழமை அவரை அடக்கம் செய்தோம்.

*

மாதா கோயிலைத் தாண்டி, கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டம். மணல். செருப்புக்குள் மணல். பெண்கள் பாடினார்கள். எல்லோரும் ஒரு பிடி போட்டார்கள், நானும் போட்டேன். அவருடைய அண்ணன், தோணியில் காலத்தைக் கழித்த பெரியவர், பக்கத்தில் நின்ற யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வீட்டுல கடலுக்குப் பயப்படாத பொம்பளப்பிள்ள இவ ஒருத்திதான். போயும் போயும் மலையில கொண்டு போட்டுட்டானுவ." பிறகு என்னைப் பார்த்து, "நீதான் பஸ்ஸுல எறங்குத டீச்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சொல்லிச் சொல்லிச் சிரிப்பா," என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும்.

காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். சூடாக இருந்ததா என்று இப்போது கேட்டால் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தி வீட்டுக்குப் போனேன். வீட்டு முன்னால் இலைக் குவியல். அவள் அம்மா செல்வி அறுத்த இலைகளை அளவு பார்த்து அடுக்கினாள். சுகந்தி நாரால் கட்டினாள். வேகமாகக் கட்டினாள். நன்றாகவும் கட்டினாள்.

"வாங்க டீச்சர். இரிங்க," என்றாள் செல்வி. கையை நிறுத்தவில்லை. "அங்கன எல கிள்ளுனேன், இங்கன எல அறுக்கேன். எல நம்மள விடமாட்டேங்கு."

டீச்சர் பேசுவதாக இருந்ததை நான் எப்படிப் பேசுவது? சுகந்தி நன்றாகப் படிப்பாள் என்றேன். இன்னும் கொஞ்ச மாதம்தான் என்றேன். பொஸ்தகம் பேசின மாதிரிதான் இருந்தது.

"ஆறாங்கிளாஸுக்கு எப்படியும் தூரமா போவணும். பொம்பளப்பிள்ள. இப்பமே நின்னா என்ன, பெறவு நின்னா என்ன? நீங்களே சொல்லுங்க." அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்டாள்.

நான் சொன்னேன், "ஜெசிந்தா டீச்சர் இறந்துட்டாங்க."

செல்வியின் கை நின்றது. சுகந்தியின் கை நிற்கவில்லை. அந்தக் கட்டை முடித்தாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"பஸ்ஸுலயா?"

"இல்ல. வீட்டுல."

"வாந்தி எடுத்தாவளா?"

"தெரியல."

அடுத்த கட்டுக்கு நாரை எடுத்தாள். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நாளைக்கு வருகிறாயா என்று சுகந்தியிடம் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா இலைகளைப் பார்த்தாள்.

"பாக்கலாம் டீச்சர்," என்றாள் செல்வி.

*

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இரங்கல் கூட்டத்தில் சொல்லச் சொன்னார்கள். அன்று எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒரு முறை. அதை வைத்துக்கொள்கிறேன்.

சுகந்தி வீட்டுக்குப் போன மறுநாள், திங்கட்கிழமை, முந்தின நிறுத்தத்துக்கு நடந்து போனேன். பஸ் வந்தது. கண்டக்டர் கேலி செய்யவில்லை, அவருக்கும் செய்தி போயிருந்தது. பின்வாசலில் இறங்கினேன். நிறுத்தத்தில் யாரும் இல்லை. பையைக் கீழே வைத்தேன். மணி அடித்தது. சின்னவர்கள் ஐந்து பேரும் எதிரே உள்ளே போவதைப் பார்த்தேன்.

தலைமையாசிரியர் கேட்டுக்கு வந்தார். "டீச்சர், பஸ்ஸு போயாச்சே. யாருக்கு நிக்கீங்க?"

"சுகந்திக்கு சார்," என்றேன். இன்றைக்கு அரைநாள் விடுப்பு போட்டுக்கொள்ளும்படி சொன்னேன்.

அவர் என் வகுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் வாழைத்தோட்டம் இருக்கும் பக்கமாகத் திரும்பி நின்றேன்.